எல்லைப்புறப் பெண்களின் எழுத்தில் விக்டோரிய விழுமியங்கள் - மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

வட அமெரிக்காவின் மேற்குத் திசைக் குடியேற்றத்தில் பங்குகொண்ட பெண்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் தனியொரு கிளையாகும். நெடுங்காலம் இவை குடும்பப் பெட்டிகளிலும் வரலாற்றுக் கழகங்களின் அலமாரிகளிலும் முடங்கிக் கிடந்தன. 1979இல் வெளிவந்த ஜூலி ராய் ஜெஃப்ரி, ஜான் மேக் ஃபாரகர் ஆகியோரின் நூல்களும், 1982இல் லிலியன் ஷ்லிசல் நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைக் கொண்டு எழுதிய நூலும் இவற்றை ஆய்வுலகின் நடுவே கொண்டுவந்து நிறுத்தின. 1983 முதல் 1993 வரை கென்னத் ஹோம்ஸ் பதினொரு தொகுதிகளாகப் பதிப்பித்த பயணப் பதிவுகள், மூலங்களை எவரும் எளிதில் படிக்கத்தக்க நிலைக்குக் கொணர்ந்தன.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்தவை. நகரத்து வீட்டையும் உறவையும் விட்டுக் காட்டிலும் புல்வெளியிலும் வாழ நேர்ந்த பெண், தான் வளர்ந்த விக்டோரிய ஒழுக்கநெறியை உதறினாளா, போற்றிக்கொண்டாளா என்பதே அவ்வினா. எல்லைப்புற வாழ்க்கை பெண்ணுக்கு விடுதலை தந்திருக்கும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கித் தாம் அதற்கு மாறான முடிவை அடைந்ததாக ஜெஃப்ரி தம் நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். ஃபாரகரின் சித்திரம் இன்னும் இருண்டது. கணவன் எடுத்த முடிவுக்கு உடன்பட்டுச் சென்ற பெண்களையே அவர் மிகுதியும் காண்கிறார். மக்கள்நூல்களும் திரைப்படங்களும் துப்பாக்கி ஏந்திய வீராங்கனையை மறுபுறத்தில் நிறுத்துகின்றன.

எந்தச் சொல்வகை எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்தே இவ்வினாவுக்கு விடை மாறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இப்பெண்களின் பக்கங்களில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பழையவை. இல்லம், கடமை, நாணம், மேன்மகள் என்னும் சொற்கள் குறைவின்றி வருகின்றன. வினைச்சொற்களோ புதியவை. உழுதல், கொத்துதல், வண்டியோட்டுதல், மனுச்செய்தல் ஆகியன அதே பெண்ணின் அதே பக்கத்தில் வருகின்றன. பெயருக்கும் வினைக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மைதான் எல்லைப்புற வாழ்க்கை விக்டோரிய நெறிக்கு விடுத்த அறைகூவலின் மொழிவடிவம். மொழிபெயர்ப்பாளர் அதைச் சமன்செய்துவிட்டால் சான்றே அழிந்துபோகும். தமிழின் இலக்கண அமைப்பு இவ்வழிவுக்குச் சில இடங்களில் துணைபோகவும், சில இடங்களில் அதைத் தடுக்கவும் வல்லது.

கலைச்சொற்கள் பற்றி முதலில் சில கூறவேண்டும். 'ஃப்ரான்டியர்' என்பதற்கு 'எல்லைப்புறம்' என்ற சொல்லே தமிழில் வழங்குகிறது. ஆயின் தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவருக்கு எல்லைப்புறம் என்றால் இரு நாடுகளின் படைகள் எதிரெதிர் நிற்கும் இடம். அமெரிக்க வழக்கில் அது குடியேற்றத்தின் நகரும் விளிம்பு. சதுர மைலுக்கு இருவருக்கும் குறைவாகக் குடியிருந்த நிலப்பரப்பை அதற்கு அப்பாற்பட்டதாக மக்கள்தொகைக் கணக்கினர் கொண்டனர். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவ்விளிம்புக்கோடு மறைந்துவிட்டதாக அறிவித்தது. அதனை அடியாகக் கொண்டு 1893இல் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் படித்த புகழ்பெற்ற கட்டுரையில் பெண்களுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. 'பயனீர்' என்பதற்கு 'முன்னோடி' என்பது பொருத்தமாகத் தோன்றினும், அதில் புகழுரையின் சாயல் மிகுதி. அச்சொல் முதலில் படைக்கு முன்சென்று வழி திருத்தும் காலாளையே குறித்தது. பழைய சென்னைப் படையிலும் அப்பெயருடைய பிரிவுகள் இருந்தன. மண்வெட்டி ஏந்திய அந்தப் பழைய பொருள் இப்பெண்களுக்கு ஓரளவு கூடுதலாகவே பொருந்துகிறது.

நான்கும் நான்கும்

1966இல் பார்பரா வெல்டர் எழுதிய கட்டுரை, 1820 முதல் 1860 வரை அமெரிக்க மாதர் இதழ்களும் சமய நூல்களும் போற்றிய பெண்மையை நான்கு பண்புகளாகப் பகுத்தது. சமயப்பற்று, தூய்மை, பணிவு, இல்லப்பற்று என அவற்றைத் தமிழில் கூறலாம். நான்கு என்ற எண்ணைக் கண்டவுடன் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் மனம் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்னும் நான்கினை நாடுவது இயல்பு. வகுப்பறைகளில் இவ்வொப்பீடு கைதட்டல் பெறும். ஆயினும் இது தவறான ஒப்பீடு. தமிழ் மரபின் நான்கும் பெண்ணின் உடலிலும் மெய்ப்பாட்டிலும் வெளிப்படும் இயல்புகள். வெல்டரின் நான்கும் ஒரு தொழிற்சமூகத்தில் ஆண் வெளியே பொருளீட்டச் சென்றபின் வீட்டுக்குள் எஞ்சிய பெண்ணுக்கு வகுக்கப்பட்ட பணிகள். குறிப்பாக, இல்லப்பற்று என்பதற்கு 'இல்லறம்' என்று எழுதுவது பெரும்பிழை. இல்லறம் கணவனும் மனைவியும் ஒருங்கே நடத்துவது. விருந்தோம்பலும் ஈகையும் அதன் உறுப்புகள். விக்டோரிய இல்லமோ ஆணின் உழைப்புக்களத்திலிருந்து பிரித்து வேலியிடப்பட்ட பெண்ணின் களம். எல்லைப்புறத்தில் முதலில் விழுந்தது அந்த வேலிதான். ஒற்றையறை மரக்குடிலில் உழைப்புக்களமும் வாழ்களமும் ஒன்றாயின. 'இல்லறம்' என்று மொழிபெயர்த்த நூலில் இவ்வீழ்ச்சி நிகழ்ந்ததே வாசகருக்குத் தெரியாது, ஏனெனில் இல்லறத்துக்கு அத்தகைய வேலி தொடக்கத்திலேயே இல்லை.

மேரி வாக்கரின் ஒரு நாள்

1838இல் கணவரோடு மலைகடந்து ஆரிகன் பகுதிக்குச் சென்ற மேரி ரிச்சர்ட்சன் வாக்கர் ஒரு சமயப்பணியாளர். 1842 மார்ச் 16ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பு ஆய்வாளர் பலரால் எடுத்தாளப்படுவது. காலை ஐந்து மணி அளவில் எழுந்தது, சிற்றுண்டி, ஒன்பது மணிக்குள் வீட்டுவேலை முடிந்தது, ஆறு ரொட்டிகள் சுட்டது, கூழ் காய்ச்சியது, இறைச்சி வேகவைத்தது, வீட்டை ஒழுங்குசெய்தது என்று வேலைகளின் பட்டியல் நீள்கிறது. இறுதியில், இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு மகன் பிறந்த செய்தி ஒரே தொடரில் வந்து முடிகிறது.

இக்குறிப்பின் தொடரமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தொடக்கத்திலுள்ள வினைகள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் எழுவாய் இல்லை, 'நான்' விடுபட்டுள்ளது. இதனைப் பெண்ணின் தன்னடக்கமாகக் காணும் போக்கு உண்டு. அது ஏற்கத்தக்கதன்று. எழுவாய் விடுதல் நாட்குறிப்பு என்னும் வகைமைக்கே உரிய வழக்கு. ஆண்களும் அவ்வாறே எழுதினர். மகப்பேற்றுத் தொடரிலும் எழுவாய் இல்லை. ஆயினும் அங்கு வேறொன்று நிகழ்கிறது. அதுவரை செய்வினையில் இயங்கிய நடை அவ்விடத்தில் செயப்பாட்டு வினைக்கு மாறுகிறது. ரொட்டியைச் சுட்டவள் அவளே. மகனைப் பெற்ற செயலோ அவள்மேல் நிகழ்ந்த ஒன்றாக எழுதப்படுகிறது. அச்செயப்பாட்டு வினை அவள் படைத்ததன்று, அக்கால ஆங்கிலத்தில் மகப்பேற்றைக் குறிக்கும் மரியாதையான வழக்கு. ஆயினும் உழைப்பைச் செய்வினையிலும் பேற்றைச் செயப்பாட்டு வினையிலும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்தபோது, விக்டோரிய நாணத்தின் இலக்கணமும் எல்லைப்புற உழைப்பின் இலக்கணமும் ஒன்றையொன்று உரசுகின்றன.

தமிழில் இதை எவ்வாறு தருவது? தமிழில் 'நான்' என்பதை விடலாம். 'சுட்டேன்' என்னும் முற்றின் தன்மை ஒருமை விகுதியை விட இயலாது. விகுதியையும் மறைக்க விரும்புவோர்க்குத் தமிழ் ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. 'ரொட்டி சுட்டாயிற்று, கூழ் காய்ச்சியாயிற்று, வீடு ஒழித்தாயிற்று' என்று எழுதினால் வேலை முடிந்த செய்தி மட்டுமே நிற்கும். முடித்தவர் யாரென்று வினை சொல்லாது. வீட்டுப் பேச்சில் 'சமைச்சாச்சு, துவைச்சாச்சு' என்று அன்றாடம் வழங்கும் இவ்வமைப்பு, முடிவில்லாத வீட்டுவேலையை ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டும் ஓசையுடையது. வாக்கரின் நடைக்கு இது மிக நெருங்கியது போலத் தோன்றும்.

ஆயினும் அதே அமைப்பில் 'பிரசவமாயிற்று' என்று அடுத்து வரும்போது இடர் புலப்படும். உழைப்பும் பேறும் ஒரே வகையான செய்பவரற்ற வினையாகி, மூலத்தில் உள்ள வேறுபாடு கரைந்துபோகிறது. எனவே வேலைகளுக்குத் 'எழுந்தேன், சுட்டேன், காய்ச்சினேன்' என்னும் வெளிப்படையான தன்மை முற்றையும், இறுதித் தொடருக்கு மட்டும் 'பிரசவமாயிற்று' என்பதையும் கொள்வதே தக்கது. நடையின் ஓசையில் சிறிது இழப்பு நேரும். வினையின் மாற்றம் காக்கப்படும். 'இன்னொரு மகனைப் பெற்றெடுத்தேன்' என்று எழுதுவோர் ஓசை, மாற்றம் ஆகிய இரண்டையும் இழந்து, வாக்கர் எழுதாத ஒரு வீறார்ந்த தொடரை வாசகரிடம் கொடுக்கின்றனர்.

சொல்லாமல் விட்டவை

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். எல்லைப்புற நாட்குறிப்புகளில் கருவுறுதல் பற்றிய மௌனம் இவற்றுள் முதலதன் எல்லையையும் கடந்தது. அங்கு மாற்றுச் சொல்லும்கூட அரிதாகவே கிடைக்கிறது. அமீலியா ஸ்டூவர்ட் நைட் 1853 ஏப்ரலில் அயோவாவிலிருந்து கணவர், ஏழு குழந்தைகளுடன் ஆரிகனுக்குப் புறப்பட்டார். செப்டம்பரில் சென்று சேர்ந்தார். மழை, சேறு, நோயுற்ற மாடுகள், வண்டிச் சக்கரத்தடியில் விழப்பார்த்த பிள்ளை என யாவும் நாள்தோறும் பதிவாகின்றன. ஆகஸ்டில் ஒருநாள் மகள் லூசியை வழியில் விட்டுவிட்டு மைல்கணக்கில் வந்துவிட்டதையும், பின்னால் வந்த வேறொரு வண்டித்தொடர் அவளைக் கொண்டுவந்து சேர்த்ததையும் அவர் எழுதுகிறார். தாம் கருவுற்றிருந்ததை மட்டும் எழுதவில்லை. பயணம் முடிந்த சில நாள்களில் எட்டாவது குழந்தை பிறந்தது என்னும் இறுதிக்குறிப்பைப் படித்த பின்னரே, அவர் புறப்பட்டபோதே மூன்று நான்கு மாதக் கருவைச் சுமந்திருந்தார் என்பது வாசகருக்குப் புலனாகிறது. இடையில் 'உடல்நலமில்லை' என்று அவர் எழுதிய இடங்கள் எல்லாம் அதன்பின் வேறு பொருள் கொள்கின்றன.

இங்கு மொழிபெயர்ப்பாளருக்கு வரும் ஆசை 'மசக்கை' என்ற சொல். தமிழில் இத்துணைத் துல்லியமான சொல் இருக்கும்போது பயன்படுத்தாமல் இருப்பது கடினமே. 'முழுகாமல் இருத்தல்', 'வாயும் வயிறுமாக இருத்தல்' என மறைத்துச் சொல்லும் வழக்குகளும் நிரம்ப உண்டு. ஆனால் மறைத்துச் சொல்வது வேறு, சொல்லாமை வேறு. தமிழ்ப் பெண்கள் மறைத்தேனும் சொல்லிக்கொண்ட செய்தியை அமீலியா நைட் தம் சொந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை. அடிக்குறிப்பில் உதவுவதும் கூடாது. இரண்டாயிரம் மைல் நடையும் எட்டாம் கருவும் ஒருங்கே நிகழ்ந்த உடலில், பேசாமை என்னும் விக்டோரியக் கட்டளை இறுதிநாள் வரை உடையாமல் நின்றது என்பதே அந்நூலின் பேருண்மை. வாசகர் அதை மூலத்தில் போலவே காலந்தாழ்த்தி அறிய வேண்டும்.

கணவரைச் சுட்டும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. நார்சிஸ்ஸா விட்மன், நைட் போன்றோர் கணவரைப் பெயரிட்டு எழுதாமல் 'கணவர்' என்ற உறவுச் சொல்லாலேயே பல இடங்களில் சுட்டுகின்றனர். கணவன் பெயரை உரையாத தமிழ் மரபை அறிந்தவருக்கு இது வியப்பன்று. ஆயின் ஆங்கில வினைக்கு மரியாதை விகுதி இல்லை. 'கணவர் எருதுகளை விற்றார்' என்னும்போது தமிழ் ஆர் விகுதி, மூலத்தில் சொல்லப்படாத ஒரு பணிவைச் சேர்த்துவிடுகிறது. 'விற்றான்' என்று எழுதினால் அது மூலத்தில் இல்லாத கலகம். ஆர் விகுதியை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை. 'அவர்கள்' என்றும் 'அன்புக் கணவர்' என்றும் மேலும் ஏற்றாமல் இருந்தால் போதும். ஜெஃப்ரியும் ஃபாரகரும் அளந்து பார்த்த பணிவின் அளவு தமிழில் தானாகவே ஒரு படி கூடிவிடுகிறது என்பதைத் தமிழ்வழி இந்நூல்களை ஆராய்வோர் நினைவில் கொள்ளவேண்டும்.

சாணமும் பாவாடையும்

மரமற்ற சமவெளியில் அடுப்பெரிக்க விறகில்லை. காட்டெருதுகளின் காய்ந்த சாணத்தைப் பெண்களும் குழந்தைகளும் பொறுக்கி எரித்தனர். தொடக்கத்தில் கையுறையோடு, பின் வெறுங்கையோடு, இறுதியில் ஏப்ரனில் அள்ளிக்கொண்டு என்று அருவருப்பு படிப்படியாக மறைந்ததைப் பல பதிவுகள் நகையோடு கூறுகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல் 'சிப்ஸ்'. மரச்சீவலைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு சாணத்தை மறைத்த இடக்கரடக்கல். இதனை 'வறட்டி' என்று மொழிபெயர்த்தால் பொருள் பிழையில்லை, பயன்தான் முற்றிலும் மாறிவிடும். தமிழ் வாசகருக்கு வறட்டி அன்றாடப் பொருள், தூய பொருளும்கூட. விக்டோரியப் பெண் தன் கூச்சத்தை வென்ற தருணம் அவருக்குத் தென்படவே தென்படாது. தவிரவும் வறட்டி பெண்கள் கையால் தட்டிக் காயவைப்பது. சமவெளியில் கிடந்ததோ தானே காய்ந்தது. முதல் வருகையில் 'காய்ந்த சாணம்' என்று வெளிப்படையாக எழுதி, பழக்கமான பின் வரும் இடங்களில் 'வறட்டி' என்று மாற்றுவது ஒரு வழி. இது மூலத்தில் இல்லாத மாற்றமே. ஆயினும் அருவருப்பிலிருந்து பழக்கத்துக்கு நகர்ந்த பாதையை அது காட்டும் என்பதால் கருதிப்பார்க்கத் தக்கது.

உடை பற்றிய விவாதத்தில் ஷ்லிசல் கூறும் ஒரு செய்தி எளிய முடிவுகளைக் கலைத்துவிடுகிறது. முழங்காலளவுப் பாவாடையும் தளர்ந்த கால்சட்டையும் கொண்ட 'ப்ளூமர்' உடை 1851இல் பேசுபொருளானது. புல்வெளிப் பயணத்துக்கு அதுவே ஏற்றது என இன்று எவருக்கும் தோன்றும். ஆயினும் மிகுதியான பெண்கள் நீண்ட பாவாடையையே விடாது அணிந்தனர். மறைவிடம் ஒன்றும் இல்லாத வெட்டவெளியில், பெண்கள் ஒருவரையொருவர் சூழ்ந்து நின்று பாவாடைகளை விரித்துப் பிடித்தால் அது திரையாகும். நாணத்தின் சின்னமென்று வரலாற்றாசிரியர் பழித்த உடை, அங்கு நாணத்தைக் காக்கும் கருவியாகப் பயன்பட்டது. பழைய பொருள் ஒன்று புதிய வினையை ஏற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இசபெல்லா பேர்டு குடியேறியவர் அல்லர், பயணி. எனினும் அவரையும் இங்குச் சுட்டலாம். 1873இல் ராக்கி மலைகளில் ஆண்களைப் போல இருபுறமும் கால்போட்டுக் குதிரை ஏறிச் சென்றவர், டென்வர் நகரை அணுகியதும் இறங்கி நீண்ட பாவாடையை அணிந்து ஒருபுறமாக அமர்ந்து நகருக்குள் நுழைந்தார். 1879இல் நூல் வெளியானபின், அவர் ஆணுடை தரித்ததாக இலண்டன் 'டைம்ஸ்' இதழின் மதிப்புரை எழுதியது. அடுத்த பதிப்பில் அவ்வுடை பெண்களுக்குரியதே என்று விளக்கக் குறிப்பும் படமும் சேர்த்தார். மலையேறிய துணிவை மறைக்காதவர், உடையின் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

உருளைக்கிழங்குப் பாத்தி

இப்பொருத்தமின்மையை முற்றும் தன்னுணர்வோடு எழுதியவர் சூசன்னா மூடி. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் எழுத்தாளர் குடும்பத்தில் வளர்ந்து 1832இல் மேல் கனடாவில் குடியேறியவர். 1852இல் வெளிவந்த 'ரஃபிங் இட் இன் த புஷ்' என்னும் அவரது நூல், குடியேற வருவோரை எச்சரிக்கும் நோக்கில் எழுதப்பட்டது. அவருடைய தமக்கை காதரின் பார் டிரெயில் 1836இல் எழுதிய 'த பேக்வுட்ஸ் ஆஃப் கனடா' அமைதியும் நம்பிக்கையும் கொண்டது. மூடியின் நூல் சினமும் நகைச்சுவையும் கொண்டது. டிரெயிலின் நூலை விரும்புவோரே அதிகம். மொழிநிலையில் மூடியின் நூலே வளமானது.

முதலில் வேலையாட்கள் பற்றிய அத்தியாயங்கள். இங்கிலாந்தில் 'சர்வன்ட்' எனப்பட்டவள் அங்கு அப்பெயரை ஏற்க மறுத்தாள். தன்னை 'ஹெல்ப்' என்றாள். குடும்பத்தாரோடு ஒரே மேசையில் உண்ண உரிமை கேட்டாள். மிச்சிகனில் குடியேறிய கரோலின் கர்க்லண்டும் 1839இல் வெளியான தம் நூலில் இதே பூசலை எழுதியுள்ளார். இரண்டையும் 'வேலைக்காரி' என்று பெயர்த்தால் பூசலுக்குக் காரணமே இராது. 'ஒத்தாசைக்கு வந்தவள்' என்ற வழக்கு 'ஹெல்ப்' என்பதற்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. கூலி பெற்றாலும் கீழ்நிலையை ஏற்காத உறவை அது குறிக்கும்.

அடுத்தது வயல் வேலை. வறுமை முற்றிய காலத்தில், தம் தற்பெருமையோடு கடுமையாகப் போராடிய பின்னரே நிலத்தில் இறங்கக் கணவருக்கு உடன்பட்டதாக மூடி எழுதுகிறார். பின்னர், செம்மையாகக் கொத்தி அணைத்த உருளைக்கிழங்குப் பாத்தி ஒன்றைத் தாம் பார்த்து மகிழ்ந்ததை, முன்னாளில் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்ததோடு ஒப்பிடுகிறார். ஒப்புமையின் ஒருபுறம் மேன்மகளின் கலைச்சுவை, மறுபுறம் மண்வெட்டி. ஓவியத்தைச் சுவைக்கக் கற்ற கண்தான் பாத்தியையும் சுவைக்கிறது. வளர்ப்பு அழியவில்லை, அதன் பொருள் இடம் மாறியது. இதனைத் தமிழில் தரும்போது 'பாத்தி', 'களைகொத்து', 'மண் அணைத்தல்' போன்ற உழவர் சொற்களை அஞ்சாமல் ஆள வேண்டும். ஓவியம் பற்றிய பகுதியை ஏட்டுத் தமிழில் விட்டு, பாத்தி பற்றிய பகுதியை உழவர் தமிழில் தந்தால் இரு உலகங்களின் உரசல் கேட்கும்.

1837ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் கணவர் படைப்பணியில் வெளியே இருந்த காலத்தில் மூடி பண்ணையை நடத்தினார். மாண்ட்ரியல் இதழுக்கு எழுதிப் பொருளீட்டினார். கணவருக்கே தெரியாமல் துணைநிலை ஆளுநர் ஜார்ஜ் ஆர்தருக்குக் கடிதம் எழுதி அவருக்குப் பணி வேண்டினார். கணவர் ஷெரீஃப் ஆக்கப்பட்டார். 1840இல் குடும்பம் காட்டை விட்டு பெல்வில் நகருக்குச் சென்றது. இச்செய்தியை மனைவியின் கடமையாகவே அவர் வருணிக்கிறார். எழுதப்பட்ட பெயர் கடமை. செய்யப்பட்ட வினை, கணவரை விலக்கி அரசோடு நேரே பேசுதல். நகருக்குத் திரும்பும் வேளையில், கண்ணாடியில் தாம் இருமடங்கு வயதானவராகத் தோன்றுவதாகவும், பெருமக்களின் கூட்டத்துக்கு இனித் தகுதியற்றவராகிவிட்டதாகவும் வருந்துகிறார். விடுதலையாளரின் வீராங்கனையை இங்கே தேடுவோர் ஏமாறுவர்.

நகைச்சுவையால் இதே உரசலைக் கடந்தவர் லூயிஸ் கிளாப். 'டேம் ஷர்லி' என்னும் புனைபெயரில், கலிபோர்னியாவின் ஃபெதர் ஆற்றங்கரைத் தங்கச் சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து 1851, 1852 ஆண்டுகளில் தம் தங்கைக்கு இருபத்துமூன்று கடிதங்கள் எழுதினார். ஒரு தட்டு மண்ணைத் தம் கையால் அரித்து மூன்றேகால் டாலர் மதிப்புள்ள பொன்துகள் எடுத்தவுடன், தம்மை 'மைனரெஸ்' என்று அழைத்துக்கொள்கிறார். ஆண்தொழிற் பெயரில் பெண்பால் விகுதியை ஒட்டிய விளையாட்டு அது. தமிழில் 'சுரங்கக்காரி' என்றால் அவ்விளையாட்டு தோன்றாது. தமிழில் பெண்பால் விகுதி அன்றாடத் தேவை. 'மேன்மைதங்கிய சுரங்கக்காரி அம்மாள்' என்று ஏற்றினால் ஓரளவு நகை பிறக்கும்.

சட்டத்தின் பிரதிப்பெயர்

தனியெழுத்தில் மறைந்து நின்ற மாற்றம் சட்டத்தில் வெளிப்பட்டது. 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் நிலம் கோருபவரை ஆண்பால் பெண்பால் என்னும் இரு பிரதிப்பெயராலும் சுட்டியது. குடும்பத்தலைவராகவோ இருபத்தொரு வயது நிரம்பியவராகவோ உள்ளவர்க்கு 160 ஏக்கர் வரை உரிமை. மணமாகாதவளும் கைம்பெண்ணும் இதனுள் அடங்குவர். கணவனோடு வாழும் மனைவி பொதுவாக அடங்கமாட்டாள். 'அவர்' என்ற தமிழ்ப் பொதுப்பெயர் இங்கு வசதியானது, ஆனால் தீங்கானது. சட்டம் வெளிப்படையாகச் சொன்ன பெண்பாலை அது விழுங்கிவிடும். 'அவன் அல்லது அவள்' என்றே பெயர்க்க வேண்டும். வயோமிங் நிலப்பகுதி 1869இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியதும், 1870இல் எஸ்தர் மாரிஸ் அங்கு அமைதி நீதிபதியானதும் பலரறிந்தவை. அங்கேயே 1909இல் நிலம் பதிந்த எலினோர் புரூட் ஸ்டூவர்ட்டின் கடிதங்கள் 1914இல் நூலாயின. தனிப்பெண்ணின் வெற்றியாக அவை கொண்டாடப்பட்டாலும், அவர் அதே ஆண்டில் பக்கத்து நிலத்துக்காரரை மணந்திருந்தார். 1912இல் தம் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பதைப் பின்வந்த ஆய்வு நிறுவியது.

திண்ணையில்லாத வீடு

இதுவரை கூறியவற்றில் விக்டோரிய நெறி வளைந்ததைக் காணலாம். வளையாமல் இறுகிய இடமும் ஒன்று உண்டு. 1836இல் எலைசா ஸ்பால்டிங்கோடு ராக்கி மலைகளைக் கடந்த நார்சிஸ்ஸா விட்மன், வயிலட்பூ என்னுமிடத்தில் கயூஸ் மக்களிடையே சமயப்பணி நிலையம் அமைத்த மருத்துவரின் மனைவி. தம் இல்லத்துக்குள் தடையின்றி வந்துபோன கயூஸ் மக்களின் வருகையும், அவர்கள் விட்டுச்சென்ற அழுக்கும் அவர் கடிதங்களில் மீளமீள வரும் முறையீடு. குடும்பத்துக்கென ஓர் அறை, கதவு, தாழ் என்பன அவருக்கு நாகரிகத்தின் அடையாளங்கள். அவர்களுக்கோ தங்கள் நிலத்தில் எழுந்த வீட்டினுள் தங்களைத் தடுக்கும் கதவு விளங்காத ஒன்று. தமிழ் வீட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே வந்தவர் அமரத் திண்ணை உண்டு. அவ்வீட்டில் கதவுக்கு அப்புறம் உடனே முற்றும் தனிமை. 1847 நவம்பரில், தட்டம்மை பரவி கயூஸ் குழந்தைகள் பலர் இறந்தபின், விட்மன் தம்பதியர் கொல்லப்பட்டனர். 'இல்லம்' என்னும் விக்டோரியப் பெயர் அங்கு ஒரு மக்களினத்துக்கு எதிரான எல்லைக்கோடாக நின்றது. வயலில் இறங்கியதும் வண்டி ஓட்டியதும் அக்கோட்டை அழிக்கவில்லை. பெண்களின் புதிய வினைகளுள் பிறர் நிலத்தில் வேலியிடுதலும் ஒன்று.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்நிற்பது 'ஸ்குவா' என்னும் சொல். இப்பதிவுகள் பலவற்றில் பழங்குடிப் பெண்ணை அச்சொல்லே குறிக்கிறது. 'லேடி' என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் அடுத்த வரியிலேயே அதனை எழுதினர். அச்சொல்லின் இழிவு கருதி, அமெரிக்க உள்துறை 2022இல் ஏறத்தாழ 650 இடப்பெயர்களிலிருந்து அதை நீக்கியது. இன்றைய மரியாதை கருதித் தமிழில் 'பழங்குடிப் பெண்' என்று எழுதுவோர் நன்னோக்கினரே. ஆயின் அம்மாற்றத்தால் மரியாதை அடைவது பழங்குடிப் பெண் அல்லள், அச்சொல்லை எழுதிய குடியேறியவள். மூலச் சொல்லை ஒலிபெயர்த்து அப்படியே வைத்து, முதல் வருகையில் அதன் இழிபொருளைக் குறிப்பாகத் தருவது பொருத்தமாகும். மூலத்தில் அச்சொல்லன்றி 'பெண்' என்று பொதுப்பெயரே வருமிடத்தில் தமிழிலும் 'பெண்' என்றே நிற்க வேண்டும். ஒரே நாட்குறிப்பில் இரண்டும் மாறிமாறி வருமாயின், எந்த நிகழ்ச்சிக்குப்பின் எது வருகிறது என்பதைத் தமிழ் வாசகரும் தாமே தொடர்ந்து காண இயலும்.